அமெரிக்கத் தீம் பார்க்குகளைத் தரவரிசைப்படுத்துவது எப்படி? ஐந்தாவது சவாரியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் பெரிய தீம் பார்க்குகளை வரிசைப்படுத்தச் சொன்னால், பெரும்பாலானோர் ஒவ்வொரு பூங்காவிலும் உள்ள மிக உயரமான அல்லது மிகப் புகழ்பெற்ற சவாரியை மனத்தில் வைத்துக்கொண்டு பட்டியல் போட்டுவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் ஒரு பூங்காவில் நாம் கழிக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் அந்தப் புகழ்பெற்ற சவாரிக்கு உரியவை இரண்டு மூன்று நிமிடங்கள்தான். மீதி நேரத்தில் அந்தப் பூங்கா நமக்கு என்ன தருகிறது என்று பார்க்கத் தொடங்கியபோது, என் பழைய பட்டியல் ஏறக்குறையத் தலைகீழாக மாறிவிட்டது. அப்படி மாறியதற்கான கணக்கைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். என் வரிசையை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கைக் கொண்டு உங்கள் வரிசையைப் போட்டுப் பாருங்கள்.

படி 1: முதலில் இனம் பிரியுங்கள்

எல்லாப் பூங்காக்களையும் ஒரே தராசில் நிறுத்தினால் கணக்கு தொடக்கத்திலேயே பிசகிவிடும். அமெரிக்கப் பூங்காக்களில் பெரும்பாலானவற்றை மூன்று இனங்களுக்குள் அடக்கலாம்.

முதல் இனம், ஒரு கற்பனை உலகை எழுப்பி அதற்குள் நம்மை நடக்கவிடும் பூங்காக்கள். கலிபோர்னியாவின் அனஹைமில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட் இந்த இனத்துக்கு இலக்கணம் வகுத்தது. ஃபுளோரிடாவில் 1971-இல் மேஜிக் கிங்டம், 1982-இல் எப்காட், 1989-இல் இன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் எனப்படும் பூங்கா, 1998-இல் அனிமல் கிங்டம் ஆகியவை அதே குடும்பத்திலிருந்து வந்தன. ஆர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனத்துக்கு 1990, 1999, 2025 ஆகிய ஆண்டுகளில் திறக்கப்பட்ட மூன்று பூங்காக்கள் உள்ளன.

இரண்டாம் இனம் ரோலர் கோஸ்டர்களுக்காகவே மக்கள் போகும் பூங்காக்கள். ஒஹாயோவில் ஈரி ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலத்தில் அமைந்த சீடர் பாயிண்ட், அதே மாநிலத்தின் கிங்ஸ் ஐலண்ட், லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் மேஜிக் மவுண்டன் ஆகியவை இதில் சேரும்.

மூன்றாம் இனம், ஓர் ஊரின் அல்லது ஒரு குடும்பத்தின் அடையாளமாக வளர்ந்த பூங்காக்கள். பிட்ஸ்பர்க் அருகே 1898-இல் தொடங்கிய கென்னிவுட், பென்சில்வேனியாவின் மலையடிவாரத்தில் 1926 முதல் நடக்கும் கனோபெல்ஸ், டென்னசியின் டாலிவுட், மிசௌரியின் சில்வர் டாலர் சிட்டி ஆகியவற்றை இங்கே வைக்கிறேன்.

முதலில் ஒவ்வொரு இனத்துக்குள்ளும் வரிசைப்படுத்திக்கொண்டு, பிறகு மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பதே சரியான முறை. கனோபெல்ஸை மேஜிக் கிங்டத்தோடு நேராக மோதவிடுவது, ஊர்த் திருவிழாவையும் மாநகர மாலையும் ஒப்பிடுவது போன்றது.

படி 2: ஐந்தாவது சவாரியைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பூங்காவின் சவாரிகளை உங்களுக்குப் பிடித்த வரிசையில் எழுதுங்கள். முதல் நான்கையும் கோடிட்டு அடித்துவிட்டு, ஐந்தாவதைப் பாருங்கள். அது மட்டுமே அந்தப் பூங்காவில் இருந்தாலும் அரை மணி நேரம் வரிசையில் நிற்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் சவாரியை உருவாக்கப் பணம் இருந்தால் போதும். ஐந்தாவது நன்றாக இருக்க வேண்டுமென்றால், பல பத்தாண்டுகளாக யாரோ தொடர்ந்து கவனத்துடன் அந்தப் பூங்காவை நடத்தியிருக்க வேண்டும்.

சீடர் பாயிண்ட்டில் சோதித்துப் பார்ப்போம். பழைய மரக் கோஸ்டர் ஒன்றின் சட்டத்தில் இரும்புத் தண்டவாளம் பொருத்தி 2018-இல் மறுபிறவி எடுத்த ஸ்டீல் வெஞ்சென்ஸ், 310 அடி உயரத்தில் மணிக்கு 93 மைல் வேகத்தை எட்டும் மில்லினியம் ஃபோர்ஸ், மேவரிக், டாப் த்ரில் 2 ஆகிய நான்கையும் அடித்துவிட்டால், ஐந்தாவதாக எனக்கு வருவது 1989-இல் திறந்த மேக்னம். புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேரும் முழுச்சுற்று ரோலர் கோஸ்டர்களில் 200 அடியைத் தாண்டிய முதலாவது அதுதான். இன்று அதன் ஓட்டம் சற்றுக் கரடுமுரடானது. இருந்தாலும் ஏரியை ஒட்டிய கடைசிக் குன்றுகளில் உடல் இருக்கையை விட்டு எழும்பும் அந்த நொடிகளுக்காக நான் கட்டாயம் வரிசையில் நிற்பேன். சோதனையில் சீடர் பாயிண்ட் தேறிவிட்டது.

டிஸ்னிலேண்டில் ஐந்தாவதைத் தேடுவதே சிரமம். இண்டியானா ஜோன்ஸ், பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், ஹாண்டட் மேன்ஷன் ஆகியவற்றை அடித்த பிறகும் ஸ்பேஸ் மவுண்டன், பிக் தண்டர், 1959-இல் குழாய் வடிவ இரும்புத் தண்டவாளத்தை முதன்முதலில் பயன்படுத்திய மேட்டர்ஹார்ன் என்று பட்டியல் நீள்கிறது. எட்டாவது வரை கூடத் தரம் இறங்குவதில்லை.

இதற்கு மாறாக அனிமல் கிங்டத்தில் ஃபிளைட் ஆஃப் பாஸேஜ், எவரெஸ்ட், கிளிமஞ்சாரோ சஃபாரி மூன்றும் அபாரமானவை. நான்காவதிலேயே பட்டியல் மூச்சு வாங்கத் தொடங்கிவிடுகிறது. உலகிலேயே மிக அழகாக மரம் வளர்த்த தீம் பார்க்குகளில் ஒன்று என்று அதைச் சொல்வேன். ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் என்ன செய்வது என்ற கேள்வி அங்கே எழுவதும் உண்மை.

மேஜிக் மவுண்டனின் கணக்கு விசித்திரமானது. ஏறத்தாழ இருபது கோஸ்டர்கள் அங்கே இருக்கின்றன. அந்த எண்ணிக்கையே அதன் விளம்பரமும். எக்ஸ் 2, டாட்சு, ட்விஸ்டட் கொலோசஸ் மூன்றும் முதல் தரமானவை. அவற்றைத் தாண்டினால் நினைவில் நிற்பவை குறைவு. எண்ணிக்கையைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும் தவற்றை நான் முதலில் செய்தது இந்தப் பூங்காவை வைத்துத்தான்.

படி 3: கடிகாரத்தை வைத்து வரிசையை அளவிடுங்கள்

நுழைவாயிலில் எழுதிப்போட்டிருக்கும் காத்திருப்பு நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். நிலையத்துக்கு அருகில் நின்று, ஒரு ரயில் புறப்பட்டதிலிருந்து அடுத்தது புறப்படும் வரை எத்தனை நொடிகள் ஆகின்றன என்று பாருங்கள். 3600-ஐ அந்த நொடிகளால் வகுத்து, ரயிலின் இருக்கைகளால் பெருக்கினால், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது கிடைத்துவிடும்.

மில்லினியம் ஃபோர்ஸ் ரயிலில் 36 பேர் அமரலாம். 90 நொடிக்கு ஒரு ரயில் புறப்பட்டால் மணிக்கு 40 ரயில்கள், அதாவது 1440 பேர். அதே அளவு ரயில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் புறப்பட்டால் 720 பேர்தான். உங்களுக்கு முன்னால் அதே நீள வரிசைதான் இருக்கும். காத்திருப்பு மட்டும் இரட்டிப்பாகும். ஸ்டீல் வெஞ்சென்ஸ் ரயிலில் 24 இருக்கைகள்தான் என்பதால், அது காலை முதல் வேலையாக முடிக்க வேண்டிய சவாரி.

ஹாண்டட் மேன்ஷனைப் போல நிற்காமல் நகர்ந்துகொண்டேயிருக்கும் சங்கிலித்தொடர் வண்டிகளிலும், பைரேட்ஸைப் போன்ற படகுச் சவாரிகளிலும் நெரிசல் வேறு விதமாகக் கரைகிறது. வெளியே நெளிந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். அந்த வரிசை நடந்துகொண்டே இருக்கும். நீண்ட நேரம் ஓரிடத்தில் நிற்க நேர்வதில்லை. 1955-க்குப் பின் வந்த அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் கூட்டத்தை மதித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருமுறை, பெயர் வேண்டாம், ஒரு பெரிய கோஸ்டர் பூங்காவில் ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் பன்னிரண்டு மணி நேரம் இருந்தேன். மூன்று ரயில்கள் ஓட வேண்டிய சவாரியில் ஒன்று மட்டும் ஓடியது; மற்ற இரண்டும் பணிமனைத் தண்டவாளத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அன்று இரவு என் குறிப்பேட்டில் இருந்தவை ஐந்தே சவாரிகள். அதன்பின், ஒரே ஒரு நாளை வைத்து எந்தப் பூங்காவுக்கும் மதிப்பெண் போடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்: குறைந்தது இரண்டு நாட்கள், அவற்றில் ஒன்று வார நாளாக இருக்க வேண்டும்.

படி 4: ஒரே சவாரியை இருமுறை ஏறுங்கள்

கோஸ்டரின் முன்வரிசையும் பின்வரிசையும் இரு வேறு சவாரிகள். முன்னால் காற்றும் காட்சியும் கிடைக்கும். பின்னால் இறக்கத்தின் உச்சியில் முழு ரயிலும் நம்மை இழுத்து எறியும். மரக் கோஸ்டர்கள் காலையில் சோம்பலாக ஓடி, சக்கரங்களும் மசகும் சூடேறிய பின் மாலையில் வேகம் பிடிப்பவை.

கிங்ஸ் ஐலண்ட்டின் பீஸ்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1979-இல் திறக்கப்பட்ட அது 7,361 அடி நீளத்துடன் இன்றும் உலகின் மிக நீளமான மரக் கோஸ்டர். பகலில் ஏறியவர்கள் பலர் ஏமாற்றத்துடன் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். இறக்கங்கள் பெரிதாக இல்லை, நடுவில் இரண்டாவது ஏற்றம் ஆமை வேகத்தில் நகர்கிறது. அதையே பூங்கா மூடும் நேரத்தில் ஏறினால் கதை வேறு. காட்டுக்குள் விளக்குகள் கிடையாது. இரண்டாம் ஏற்றத்தின் சங்கிலி டக் டக் என்று ஒலிக்கும்போது பேசிக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிடுகிறார்கள்; உச்சியில் ஒரு கணம் அமைதி; பிறகு கண்ணுக்குத் தெரியாத சுருள் பாதையில் ரயில் சாய்ந்து, மரச்சட்டங்களின் முழு இரைச்சலோடு சுரங்கத்துக்குள் புகுகிறது. இந்தச் சவாரிக்கு இரவு மதிப்பெண்ணை மட்டுமே நான் கணக்கில் கொள்கிறேன்.

கிங்ஸ் ஐலண்ட்தான் நான் போன முதல் பெரிய பூங்கா என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பூங்கா மீது எல்லோருக்கும் ஒரு மயக்கம் இருக்கும். பட்டியல் போடும்போது அதற்குக் கிடைத்த இடத்திலிருந்து ஒரு படி கீழே இறக்கிவிடுங்கள். பெரும்பாலும் அதுவே சரியான இடமாக இருக்கும்.

படி 5: இடத்தின் உணர்வை எடைபோடுங்கள்

இதற்குக் கடிகாரம் உதவாது. ஆனாலும் சில கேள்விகள் உதவும். சவாரி எதிலும் ஏறாமல் ஒரு மணி நேரம் அங்கே நடக்கத் தோன்றுகிறதா? உள்ளே நின்றால் வெளியுலகம் தெரிகிறதா? பூங்காவின் பின்புற வேலைகள் கண்ணில் படுகின்றனவா?

மேஜிக் கிங்டத்தில் நாம் நடப்பது உண்மையில் இரண்டாவது தளம். ஃபுளோரிடாவில் நிலத்தடி நீர் மிக அருகில் இருப்பதால், ஊழியர்கள் நடமாடும் சுரங்க வழிகளைத் தரைமட்டத்தில் கட்டி, அதன்மேல் மண்ணைக் கொட்டி, பூங்காவை அதற்கு மேலே எழுப்பினார்கள். ஒரு பகுதியின் உடையில் இருக்கும் ஊழியர் வேறொரு பகுதியில் கண்ணில் படக்கூடாது என்பதற்காக இவ்வளவு வேலை.

ஆனால் பிரம்மாண்டம் வேறு, நெருக்கம் வேறு. ஃபுளோரிடாவின் சிண்ட்ரெல்லா கோட்டை 189 அடி. அனஹைமின் கோட்டை 77 அடிதான். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அதன் அகழிப் பாலத்தில் நின்றால் தோட்டத்தின் ஈரவாசம் மூக்கில் படும்; மனிதன் நடந்து புகக்கூடிய அளவில் அது இருக்கிறது. பைரேட்ஸிலும் இதே வேறுபாடுதான்: 1967-இல் அனஹைமில் திறந்த மூலச் சவாரி ஏறத்தாழ 15 நிமிடம் ஓடும், ஃபுளோரிடாவில் உள்ளது ஏறக்குறைய அதில் பாதிதான். பெயர் ஒன்றாக இருப்பதால் சவாரியும் ஒன்றே என்று எண்ணி மதிப்பெண் போட்டுவிடாதீர்கள்.

யுனிவர்சல் பூங்காவில் 2014-இல் திறந்த, ஹாரி பாட்டர் கதையின் மாயத் தெருவான டயகன் ஆலியின் நுழைவாயிலுக்குப் பெயர்ப்பலகை கூட இல்லை. லண்டன் தெருவின் முகப்பு ஒன்றில் உடைந்த செங்கல் சுவரின் இடுக்கு வழியாகத் திரும்பினால் முழுத் தெருவும் கண்முன் விரிகிறது. தெரியாதவர்கள் அதைக் கடந்து போய்விடுவதும் உண்டு. அந்தத் துணிச்சலுக்காகவே நான் கூடுதல் மதிப்பெண் கொடுத்தேன்.

பணத்தைக் கொட்டாமலும் இடத்தின் உணர்வு வரும். கென்னிவுட்டுக்குச் சாலைக்கு அடியில் செல்லும் சுரங்க நடைபாதை வழியாக நுழைகிறோம். மறுபக்கம் வெளிச்சத்தில் ஏறும்போது 1920-ஆம் ஆண்டின் ஜாக் ராபிட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டாலிவுட்டில் நிலக்கரியில் ஓடும் நீராவி ரயிலின் ஊதல் மலையில் மோதித் திரும்பும். அரைவை ஆலையின் பக்கம் போனால், சுடச்சுட எடுக்கும் இலவங்கப்பட்டை ரொட்டியின் வாசம் வரிசை தொடங்கும் இடத்துக்கு முன்பே நம்மைப் பிடித்துவிடும்.

படி 6: முழுச் செலவையும் சவாரிகளால் வகுங்கள்

டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை. வண்டி நிறுத்தும் கட்டணம், உணவு, குடிநீர், வரிசையைத் தாண்டும் பாஸ் எல்லாவற்றையும் கூட்டி, அன்று ஏறிய சவாரிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

டிஸ்னியில் 1999-இல் வந்த ஃபாஸ்ட்பாஸ் இலவசமாக இருந்தது. 2021 முதல் அதன் இடத்தில் கட்டணச் சேவைதான் உள்ளது. நெரிசலான நாட்களில் டிஸ்னிலேண்டின் ஒருநாள் டிக்கெட்டே 200 டாலரைத் தாண்டுகிறது. யுனிவர்சலின் எக்ஸ்பிரஸ் பாஸ், சில நாட்களில் டிக்கெட்டைவிட அதிக விலைக்கு விற்கும். அந்த பாஸ் இல்லாமல் ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதை வைத்தே மதிப்பெண் போடுங்கள். அது இருந்தால் எந்தப் பூங்காவும் நன்றாகத்தான் இருக்கும்.

மறுமுனையில் கனோபெல்ஸுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது, வண்டி நிறுத்தவும் காசில்லை. ஏறும் சவாரிக்கு மட்டும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் போதும். பேரக்குழந்தைகள் ஏறுவதைப் பார்க்க வந்த தாத்தா பாட்டி ஒரு டாலரும் செலவழிக்காமல் மர நிழலில் உட்கார்ந்திருக்கலாம். இண்டியானாவின் ஹாலிடே வேர்ல்டில் 2000-ஆம் ஆண்டு முதல் குளிர்பானம் இலவசம்.

படி 7: பருவம், நிழல், உயரம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வடக்குப் பூங்காக்கள் பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரைதான் இயங்கும். செப்டம்பருக்குப் பிறகு வார இறுதிகளில் மட்டும். ஃபுளோரிடாவில் கோடைப் பிற்பகல்களில் இடி மின்னல் வாடிக்கை. மின்னல் அருகில் வந்தால் திறந்தவெளிச் சவாரிகள் எல்லாம் நின்றுவிடும், ஆகவே கோஸ்டர்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். நிழலுக்கு வர்ஜீனியாவின் புஷ் கார்டன்ஸ் வில்லியம்ஸ்பர்க்கை மிஞ்ச ஆளில்லை. மேஜிக் மவுண்டனின் மேட்டுப் பாதைகளில் ஆகஸ்ட் மாத நடை ஒரு தண்டனை. குழந்தைகளோடு போகிறவர்கள் வீட்டிலேயே உயரம் அளந்துகொள்ளுங்கள்: பெரிய கோஸ்டர்கள் பலவற்றுக்கு 48 அங்குலம், சிலவற்றுக்கு 54 வரை வேண்டும், டிஸ்னியின் பல சவாரிகளுக்கு 40 போதும்.

படி 8: மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துங்கள்

நான் நூற்றுக்கு இப்படிப் பிரிக்கிறேன்: ஐந்தாவது சவாரிக்கு 30, இடத்தின் உணர்வுக்கு 25, வரிசை நகரும் வேகத்துக்கு 20, செலவுக்கு 15, உணவுக்கும் நிழலுக்கும் 10. குழந்தைகளோடு போகிறவர்கள் கடைசி இரண்டையும் உயர்த்திக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் இன்று என் வரிசை பின்வருமாறு அமைகிறது.

முதலிடம் டிஸ்னிலேண்டுக்கு, செலவில் அது இழக்கும் மதிப்பெண்ணை மற்ற எல்லாவற்றிலும் மீட்டுவிடுகிறது. இரண்டாவது யுனிவர்சலின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சர். ஹாக்ரிட் மோட்டார் சைக்கிள் சவாரியையும் 2021-இல் வந்த வெலாசிகோஸ்டரையும் அடித்துவிட்டாலும், பூங்கா திறந்த 1999-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் ஹல்க்கும் ஸ்பைடர்மேனும் தாங்கிப் பிடிக்கின்றன. மூன்றாவது சீடர் பாயிண்ட்.

நான்காவதாக டாலிவுட்டை வைத்ததைப் பலர் ஏற்க மாட்டார்கள். அங்கே லைட்னிங் ராட், தண்டர்ஹெட், வைல்ட் ஈகிள், பிக் பேர் மவுண்டன் நான்கையும் நீக்கிய பிறகும் டென்னசி டொர்னேடோ என்ற 1999-ஆம் ஆண்டின் கோஸ்டர் மலைச்சரிவில் மறைந்து காத்திருக்கிறது; உணவுக்கு முழு மதிப்பெண் வாங்கிய ஒரே பூங்காவும் அதுதான். ஐந்தாவது புஷ் கார்டன்ஸ் வில்லியம்ஸ்பர்க். அதன் ஆற்றுக்கு மேலே 1978 முதல் பின்னிப் பிணைந்து நிற்கும், ஒரு கோஸ்டரின் இரு மஞ்சள் வளையங்களைப் பார்த்தாலே எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

ஆறாவது கனோபெல்ஸ், ஏழாவது மேஜிக் கிங்டம், எட்டாவது கிங்ஸ் ஐலண்ட், ஒன்பதாவது சில்வர் டாலர் சிட்டி, பத்தாவது எப்காட். மேஜிக் மவுண்டன் பதினொன்றாவதாக வெளியே நிற்கிறது.

2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸுக்கு இடம் கொடுக்கவில்லை. புதிய பூங்காவை மூன்று பருவம் கடக்காமல் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பது என் விதி. மரங்கள் வளர்ந்து நிழல் தர வேண்டும், சவாரிகளின் கோளாறுகள் தெளிய வேண்டும், முதல் ஆண்டின் பரபரப்பும் அடங்க வேண்டும்.

படி 9: ஆண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள்

நியூ ஜெர்சியின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வெஞ்சர் பூங்காவில் இருந்த கிங்டா கா 456 அடி உயரத்தோடு 2005 முதல் உலகின் மிக உயரமான கோஸ்டராக இருந்தது. அது ஒன்றை வைத்தே அந்தப் பூங்காவை முதல் ஐந்துக்குள் நிறுத்தியிருந்தவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில நொடிகளில் கோபுரம் சரிந்தது, அவர்களின் பட்டியலும் கூடவே. ஐந்தாவது சவாரியை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் ஓரிரு இடங்கள்தான் மாறியிருக்கும்.

பழைய சவாரிகள் ஊர் மாறி வாழ்வதும் உண்டு. கனோபெல்ஸின் ஃபீனிக்ஸ், டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1947-இல் கட்டப்பட்டு, அந்தப் பூங்கா மூடிய பின் கேட்பாரற்றுக் கிடந்த கோஸ்டர். அதைப் பலகை பலகையாகக் கழற்றி, எண் இட்டு, பென்சில்வேனியாவுக்குக் கொண்டுவந்து 1985-இல் மறுபடி ஓடவிட்டார்கள். உயரம் 80 அடி கூட இல்லை. போன முறை இரவு ஒன்பது மணிக்குப் பின்வரிசையில் தொடர்ந்து நான்கு முறை ஏறினேன். கடைசிக் குன்றுகள் ஒவ்வொன்றிலும் தொடைக்கும் தடுப்புக் கம்பிக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவு இடைவெளியோடு மிதந்தேன். நான்காவது முறை இறங்கியபோது, கையில் மீதமிருந்த டிக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தேன். இன்னொன்றுக்குப் போதுமானதாக இருந்தது.